பறவை பார்க்க பைனாகுலர்: பத்தாயிரம் ரூபாய்க்குள் எதை வாங்கலாம்?

பொங்கல் பறவைக் கணக்கெடுப்புக்கு முன்னால் ஒரு பைனாகுலர் வாங்கிவிட வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி, செங்கல்பட்டு): அக்கா, நாங்க அடிக்கடி வேடந்தாங்கல் போவோம். ஆன்லைன்ல 30×60 பைனாகுலர் ஆயிரம் ரூபாய்க்குள்ள கிடைக்குது. 8×42-க்கு மட்டும் ஏன் ஏழாயிரம், எட்டாயிரம்? பெரிய நம்பர்தானே நல்லா தெரியும்?

பதில்: அந்த 30×60-ஐ வாங்கிடாதேம்மா. முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது எண் முன்பக்கக் கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில். பாக்கெட்டில் மடக்கி வைக்கிற அந்தப் பொருளின் முன்கண்ணாடியில் ஒரு ஸ்கேலை வைத்துப் பார். 60 மி.மீ. இருக்க வாய்ப்பே இல்லை.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. அதே பைனாகுலரின் மேல் ‘126 மீ / 1000 மீ’ என்று அச்சிட்டிருப்பார்கள். ஆயிரம் மீட்டர் தள்ளி 126 மீட்டர் அகலம் தெரியும் என்று பொருள். கோணமாக மாற்றினால் சுமார் 7.2 டிகிரி. நிஜமாகவே 30 மடங்கு பெரிதாக்கினால் 7.2-ஐ 30-ஆல் பெருக்க வேண்டும், கண்ணுக்குத் தெரியும் காட்சியின் கோணம் 216 டிகிரி என்று வரும். முதுகுக்குப் பின்னால் இருப்பதும் தெரிந்தால்தான் அது சாத்தியம். நல்ல பைனாகுலரில் இந்தப் பெருக்கல் 60, 65 அளவில் நிற்கும். எந்த விளம்பரத்தைப் பார்த்தாலும் இதை ஒரு முறை போட்டுப் பார்த்துவிடு.

8×42-இல் 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25 மி.மீ. உன் கண்ணுக்குள் வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் அது. நடுப்பகலில் கண்மணி 2, 3 மி.மீ.தான் திறந்திருக்கும், அப்போது எந்தப் பைனாகுலரும் வெளிச்சமாகத்தான் தெரியும். வேடந்தாங்கலில் நாரைகளும் கொக்குகளும் கூடு திரும்புவது பொழுது சாயும் நேரத்தில். அந்நேரம் கண்மணி நன்றாக விரியும், 5 மி.மீ. கற்றை வேண்டும். 8×21 மாதிரிச் சின்னப் பைனாகுலர் மங்கிப்போவது அந்த அரைமணி நேரத்தில்தான்.

கேள்வி (கோவை): சில மாடல்ல ‘ஹண்டிங் பைனாகுலர்’னு போட்டிருக்கு, இலை டிசைன் உறையோட. அதை வாங்கிக் காட்டுக்குள்ள கொண்டுபோனா பிரச்சினை வருமா?

பதில்: பைனாகுலரால் பிரச்சினை வராது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டில் வேட்டை குற்றம். அந்தப் பெயர் அமெரிக்க, ஐரோப்பியச் சந்தைக்காக வைத்தது. அங்கே வேட்டைக்குப் போகிறவர்கள் விடியலிலும் அந்தியிலும் மரநிழலில் மானைத் தேடுகிறவர்கள். மங்கல் வெளிச்சம், மழைத் தாக்குப்பிடிப்பு, அகன்ற காட்சி என்று அவர்கள் கேட்பதெல்லாம் நமக்கும் வேண்டியவை. அதனால் வேட்டைக்கென்று விற்கும் 8×42 பறவை பார்க்கவும் அருமையாகப் பொருந்தும். 8×56 மட்டும் வேண்டாம், கழுத்து வலிக்கும் எடை.

கேள்வி (திருநெல்வேலி): நேரா சொல்லிடுங்க. பத்தாயிரத்துக்குள்ள எது? கூந்தன்குளம்தான் நமக்குப் பக்கம்.

பதில்: கண்ணாடி போடாதவர் என்றால் நிக்கான் அக்குலான் ஏ211, 8×42. இது போரோ வகை, அதாவது முன்குழாய்கள் அகன்று, கண் வைக்கும் பக்கம் குறுகி வரும் பழைய வடிவம். நேர்க்குழாய் வடிவம் பார்க்க அழகு, ஆனால் அதன் பட்டகத்தை (உள்ளே ஒளியைத் திருப்பும் பிரிசம்) துல்லியமாகச் செய்யவும் மேல்பூச்சு கொடுக்கவும் செலவு அதிகம். விலை குறையக் குறைய அந்தச் செலவில்தான் கை வைப்பார்கள். ஆகவே குறைந்த பட்ஜெட்டில் போரோவையே நான் சொல்வேன்; அதே காசுக்குப் படம் தெளிவாக இருக்கும்.

அக்குலானின் குறைகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். எடை முக்கால் கிலோ. தண்ணீர் புகாத வகை இல்லை. ஐந்து மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது, பட்டாம்பூச்சி பார்க்கிறவர்களுக்கு உதவாது. அவர்கள் செலஸ்ட்ரான் நேச்சர் டிஎக்ஸ் 8×42-ஐப் பார்க்கலாம், இரண்டு மீட்டர் வரை வரும். கூந்தன்குளத்தில் கரையில் நின்று கூழைக்கடாவையும் வரித்தலை வாத்தையும் பார்க்க அக்குலானே தாராளம். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது, இரண்டு மூன்று இடத்தில் விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி (மூக்குக்கண்ணாடி அணிபவர், மதுரை): கண்ணாடியோட பார்த்தா நடுவுல சின்ன வட்டம்தான் தெரியுது. கழட்டினா பறவையைத் தேடவே முடியல.

பதில்: கண் வைக்கும் லென்ஸிலிருந்து கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தாலும் முழுக்காட்சி கிடைக்கும் என்று ஓர் அளவு உண்டு. ‘ஐ ரிலீஃப்’ என்று போட்டிருப்பார்கள். உங்களுக்கு 15 மி.மீ.க்கு மேல் வேண்டும். அக்குலானில் 12தான், உங்களுக்கு அது ஆகாது. நிக்கான் புரோஸ்டாஃப் பி3 8×42-இல் 20 மி.மீ. இருக்கிறது. எடையும் குறைவு, மழையும் தாங்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், ஆனாலும் கண்ணாடி போடுகிறவர்கள் இதில் சிக்கனம் பார்க்க வேண்டாம். ரப்பர் வளையத்தைக் கீழே இறக்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். அதைச் செய்யாமலே பைனாகுலர் சரியில்லை என்று ஒதுக்கி வைத்தவர்கள் பலர்.

கேள்வி (சென்னை): பள்ளிக்கரணைல உள்ளான் எல்லாம் ரொம்ப தூரத்துல நிக்குது. 10× எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், ஆனால் முதல் பைனாகுலராக வேண்டாம். படத்தோடு கை நடுக்கமும் பத்து மடங்காகும். காட்சியும் குறுகும்: அக்குலானில் 8×42-க்கு ஆயிரம் மீட்டரில் 140 மீட்டர், 10×42-க்கு 105. இருபது மீட்டரில் ஒரு புதர் என்றால் முன்னதில் 2.8 மீட்டர் அகலம் தெரியும், பின்னதில் 2.1. புதருக்குள் குரல் மட்டும் கேட்கிற தையல்சிட்டைத் தேடும்போது இந்த வித்தியாசம் பெரிது. சதுப்பின் நடுவில் நிற்கும் கொசு உள்ளானை 10×-லும் திருப்தியாகப் பார்க்க முடியாது. அதற்கு முக்காலியில் வைத்த 20–60× ஸ்கோப், அதாவது ஒற்றைக்குழாய்த் தொலைநோக்கி வேண்டும். குழுவாகச் சேர்ந்து ஒன்று வாங்குங்கள்.

கேள்வி (ஈரோடு): பார்சல் வந்தாச்சு. நல்ல பீஸானு எப்படி கண்டுபிடிக்கிறது?

பதில்: திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் இவற்றைப் பார்த்துவிடுங்கள். முன்கண்ணாடியில் டியூப்லைட்டின் பிம்பம் பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு இருக்கிறது. வெள்ளையாகவே தெரிந்தால் இல்லை. பூச்சில்லாத ஒவ்வொரு பரப்பிலும் சுமார் 4 சதவீத ஒளி திரும்பிப் போகும். உள்ளே பத்துப் பரப்பு என்றால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் போச்சு. கண்ணாடி முழுக்க மாணிக்கச் சிவப்பாகப் பளபளத்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

அடுத்து, பைனாகுலரைக் கைநீளத்தில் வானத்துக்கு நேராகப் பிடியுங்கள். கண் வைக்கும் லென்ஸில் ஒரு வெளிச்ச வட்டம் தெரியும். அது முழு வட்டமாக இருந்தால் பாக்-4 என்ற தரமான கண்ணாடியில் செய்த பட்டகம். ஓரங்கள் சாம்பல் நிறமாக வெட்டுப்பட்டு சதுரம் போலத் தெரிந்தால் மலிவான பிகே-7.

மூன்றாவதுதான் முக்கியம். கண்ணை மூடி, பைனாகுலரை வைத்துக்கொண்டு, சட்டென்று திறந்து தூரத்து மின்கம்பியைப் பாருங்கள். கம்பி ஒரு நொடி இரண்டாகத் தெரிந்து பிறகு ஒன்றானால் இரு குழாய்களும் ஒரே கோட்டில் இல்லை. நம் கண் அதை இழுத்துப் பிடித்துச் சரிசெய்யும், அரைமணியில் தலைவலி வரும். எவ்வளவு நல்ல பெயருள்ள கம்பெனியாக இருந்தாலும் அதை வைத்துக்கொள்ளாதீர்கள்.

இதற்கு முன் ஃபோகஸைச் சரியாக வையுங்கள். வலது முன்கண்ணாடியை மூடி, நடுச் சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, வலது கண்பக்க வளையத்தை மட்டும் திருப்புங்கள். அந்த வளையம் நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொண்டால் பிறகு நடுச் சக்கரம் மட்டும் போதும்.

கேள்வி (மன்னார்): வணக்கம் அக்கா. நாங்கள் வங்காலைப் பக்கம் பூநாரை பார்க்கப் போறனாங்கள். உப்புக்காத்துக்குக் கண்ணாடியில பூஞ்சணம் பிடிக்குமெண்டு சொல்லுகினம். என்ன செய்யலாம்?

பதில்: கடலோரத்தில் இருக்கிற உங்களுக்கு நைட்ரஜன் நிரப்பி அடைத்த வகைதான் ஏற்றது, உள்ளே ஈரம் போகாது. வீட்டுக்கு வந்ததும் உடலை ஈரத்துணியால் துடையுங்கள். கண்ணாடியில் முதலில் காற்றை ஊதி மணலை அகற்றிவிட்டு, பிறகே லென்ஸ் துணி. சட்டை நுனியால் துடைத்தால் மணல் பூச்சைக் கீறிவிடும். அதோடு வந்த பையில் மாதக்கணக்கில் மூடி வைக்காதீர்கள். இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நீலம் இளஞ்சிவப்பாக மாறினால் சூடுகாட்டி மறுபடி பயன்படுத்தலாம்.

கேள்வி (தஞ்சாவூர்): அப்பா பர்மா பஜார்ல வாங்கின பழைய 7×50 வீட்ல இருக்கு. தேறுமா?

பதில்: ஒரு பக்கமிருந்து டார்ச் அடித்து மறுபக்கம் பாருங்கள். சிலந்திவலை போல நூல் படர்ந்திருந்தால் பூஞ்சை. இல்லையென்றால், கம்பிச் சோதனையிலும் தேறினால், புதிதாக வாங்கவே வேண்டாம். அந்தியில் 7×50 அளவுக்கு வெளிச்சம் காட்டும் பைனாகுலர்கள் குறைவு.

கேள்வி (ஆசிரியர், தர்மபுரி): பள்ளிப் பசுமை மன்றத்துக்கு எட்டாயிரம் இருக்கிறது. பத்துப் பதினைந்து சின்ன பைனாகுலர் வாங்கினால் எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்குமே?

பதில்: வேண்டாம் சார். மங்கலாக, இரண்டாகத் தெரிகிற ஒன்றைக் கையில் கொடுத்தால், பறவை பார்ப்பது இவ்வளவுதான் என்று அந்தப் பிள்ளை நினைத்துவிடும். அந்தப் பணத்துக்கு நல்லதாக ஒன்றோ இரண்டோ வாங்கி முறைவைத்துக் கொடுங்கள். மாங்குயிலின் மஞ்சளை ஒரு நிமிடம் தெளிவாகப் பார்த்தாலே போதும், அடுத்த வாரம் அவர்களே உங்களைத் தேடி வருவார்கள். வாங்கும்போது இரு கண்களுக்கான இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலானவை 56 மி.மீ. வரைதான் குறுகும், சிறு பிள்ளைகளின் முகத்துக்கு அது அகலம். ஆறாம் வகுப்புக்குக் கீழே என்றால் 6×30 அல்லது 8×32 அளவில், அதைவிடக் குறுகக்கூடியதாகக் கேளுங்கள். வார் கழுத்தில் இல்லாமல் கையில் எடுக்கக் கூடாது, சூரியன் இருக்கும் திசைக்குத் திருப்பவே கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சூரியனைப் பைனாகுலரில் பார்த்தால் விழித்திரை நிரந்தரமாகக் கருகிவிடும். காலையில் சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கிற மாதிரி இடம் தேர்ந்தால் அந்தப் பயமும் இல்லை, பறவையின் நிறமும் நன்றாகத் தெரியும்.