வயிற்றுவலி என்று தைராய்டு மாத்திரையை நிறுத்தலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. கிரேவ்ஸ் நோய்க்கு (தைராய்டு மிகையாகச் சுரக்கும் நோய்) கார்பிமசோல் என்ற, சுரப்பை அடக்கும் மாத்திரை எடுப்பவர், வயிற்றுவலி, வாந்தி என்று நான்கு நாளாக அதை விட்டுவிட்டார். இப்போது மருத்துவமனையில் இருக்கிறார். குடல்வால் அழற்சியாம். தைராய்டை அடக்கிவிட்டுத்தான் அறுவை என்கிறார்கள். இழுத்தடிக்கிறார்களா? பாலத்துக்கு அந்தப்பக்கம், ஜோகூரில், நாளைக்கே அறுவை செய்யலாம் என்கிறார் ஓர் ஏஜென்ட். - வாசகி, யீஷூன், சிங்கப்பூர்

பதில்: இழுத்தடிக்கவில்லை. உடம்பில் தொற்று வந்தால் அடங்கிக் கிடந்த தைராய்டும் கிளம்பும். மாத்திரையும் நின்றுவிட்டால் கேட்கவே வேண்டாம். கடும் காய்ச்சல், தாறுமாறான இதயத்துடிப்பு, பிதற்றல் என்று முற்றினால் அதுதான் தைராய்டு ஸ்டார்ம். அந்த நிலையில் மயக்க மருந்தும் கத்தியும் சேர்ந்தால் இதயம் தாங்காது. அதனால் இதயத்துடிப்பைக் குறைக்க புரோபிரனலால், ஹார்மோன் உற்பத்தியைத் தடுக்க ஒரு மருந்து, அதற்குப் பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் கழித்து அயோடின், கூடவே ஸ்டீராய்டு கொடுப்பார்கள். அயோடினை முந்திக் கொடுத்தால் சுரப்பிக்குத் தீனி போட்டதாகிவிடும். ஆன்டிபயாடிக்கும் அதே நேரத்தில் ஏறும். குடல்வால் வெடித்திருந்தால் வாரக்கணக்கில் யாரும் காத்திருக்கமாட்டார்கள்.

நான் அடிக்கடி பார்க்கும் கூத்து ஒன்று உண்டு. 'வெறும் வயிற்றில் இருங்கள்' என்றதும் குடும்பமே தைராய்டு மாத்திரையையும் நிறுத்திவிடும். வாந்தி எடுப்பவருக்குக்கூட அதைப் பொடித்து மூக்குக் குழாய் வழியாகக் கொடுக்க முடியும். நிறுத்துவதை மருத்துவர் சொல்லட்டும்.

முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. கார்பிமசோல் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அடுத்த மாத்திரையைத் தொடாமல் அன்றே ரத்தப் பரிசோதனை செய்யவேண்டும். அபூர்வமாக இந்த மருந்து வெள்ளணுக்களைச் சரித்துவிடும். குடல்வால் அழற்சியில் அவை பெரும்பாலும் கூடத்தான் செய்யும். ஆகவே அம்மாவின் வெள்ளணு எண்ணிக்கை எவ்வளவு என்று இன்றே கேளுங்கள். குறைவு என்றால் கார்பிமசோல் எடுப்பவர் என்பதை மறுபடியும் சொல்லுங்கள். சங்கடப்பட வேண்டாம்.

ஏஜென்ட் விஷயத்துக்கு வருவோம். அம்மாவின் நாடித்துடிப்பு எவ்வளவு என்று அவர் ஒருமுறையாவது கேட்டாரா? கமிஷனுக்கு அது தேவையில்லை. இந்த நிலையில் இருப்பவரை வண்டியில் ஏற்றி சோதனைச்சாவடி வரிசையில் உட்கார வைப்பதா! 'தைராய்டு பவுடர்' விற்பவர்களும் இதே ரகம்தான். கடற்பாசி கலந்த பொடியில் அயோடின் குவிந்திருக்கும்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் ஒரே கேள்வியை நான்கு பேர் தனித்தனியாகக் கேட்பார்கள். எனக்கும் எரிச்சல்தான். பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) கொடுத்த மருந்துச் சீட்டையும், கடைசியாக மாத்திரை போட்ட நாளையும் ஒரு தாளில் எழுதி நால்வரிடமும் நீட்டுங்கள். வீடு திரும்பிய பிறகு மறுபடி காய்ச்சலும் படபடப்புமாக அம்மா பிதற்றினால் டாக்ஸி தேடாதீர்கள், ஆம்புலன்ஸுக்கு 995-ஐ அழையுங்கள்.