வெள்ளம் தாங்கும் நெல் தேங்கிய தண்ணீரில் ஏன் நலிந்தது?

வெள்ளம் தாங்கும் என்று நட்ட ஸ்வர்ணா சப்1 நெல் ரகம் நலிந்துவிட்டது, விதை போலியோ என்று கேட்கிறீர்கள். இப்போதே அப்படி முடிவு கட்டாதீர்கள். ஸ்வர்ணா சப்1, பயிர் முழுக்க மூழ்கினால் ஏறக்குறைய 2 வாரம் தாங்கும். நீங்கள் சொல்வது வேறு: முழங்கால் தண்ணீர் ஒரு மாதமாக வடியவில்லை, இலை நுனி மட்டும் வெளியே தெரிந்தது. அப்படித் தேங்கும் தண்ணீருக்கு உருவான ரகமல்ல இது.

காரணம் அநேகமாக, இந்த ரகத்துக்கு வெள்ளம் தாங்கும் திறனைத் தரும் மரபணுவேதான். 2006-ல் கண்டறிந்த சப்1ஏ என்ற அந்த மரபணு, மூழ்கிய பயிரை உயர விடாமல் அடக்கி வைக்கும். சேமித்த மாவுச்சத்து வீணாகாது. வெள்ளம் வடிந்ததும் அதை வைத்துத்தான் துளிர்க்கும். வடியவே இல்லையென்றால்? குட்டைப் பயிர் தூர் கட்டாமல் நலிந்துபோகும். ('வெள்ளம் தாங்கும்' என்று இரண்டே வார்த்தையில் சொல்லி விற்றால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும்.)

நாலைந்து தூரைப் பிடுங்கி அடித்தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். கெட்டியாக, உள்ளே வெளுப்பாக இருந்தால் பிழைக்கும். கொழகொழவென்று நாற்றம் அடித்தால் போனதுதான்.

தண்ணீர் வடிந்த மறுநாளே யூரியா வீசாதீர்கள். புது இலை விடட்டும், ஒரு வாரமாவது ஆகும். கலங்கல் தண்ணீர் என்றால் அந்த 2 வாரக் கணக்கும் குறையும். பூக்கும் பருவத்தில் மூழ்கினால் இந்த மரபணுவை நம்பாதீர்கள்.