ஊட்டி, கொடைக்கானல் வெயில் தோலைக் கெடுக்குமா? டி.என்.ஏ. கெட்டாலும் உடம்பே சரிசெய்துகொள்ளும் என்கிறார்களே?

உங்களுக்குச் சரிசெய்துகொள்ளும். என் தம்பிக்குச் செய்யாது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

லீவுக்கு மலையேறப் போகிறீர்கள் போல. குளிருகிறதே என்று தொப்பியைப் பையிலேயே விட்டுவிடாதீர்கள். குளிருக்கும் புற ஊதாக் கதிருக்கும் சம்பந்தமில்லை. ஆயிரம் மீட்டர் ஏறினால் அது ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். ஊட்டி 2,240 மீட்டர். மெல்லிய மேகமும் பெரிதாகத் தடுக்காது. அந்தக் கதிர் பட்டால் டி.என்.ஏ. இழையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தைமின்கள் (டி.என்.ஏ.வின் நான்கு வகை எழுத்துகளில் ஒன்று) ஒட்டிக்கொள்ளும். செல்லில் இருக்கும் புரதங்கள் அதைக் கண்டுபிடித்து, சுமார் முப்பது எழுத்து நீளத்தை வெட்டி எறிந்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்துத் திரும்ப நிரப்பும். இதை விளக்கிய விஞ்ஞானி அசீஸ் சஞ்சாருக்கு 2015 வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது.

எங்களுக்குக் கோத்தகிரி. நடை பழகும் வயதிலேயே தம்பிக்கு மூக்கு, கன்னமெல்லாம் பழுப்புப் புள்ளிகள். வெளியே தூக்கிப் போனால் கண்ணைத் திறக்காமல் அழுவான். அம்மா கிரகணத்தில் வெளியே வந்தாள் என்றார்கள், சாமி குத்தம் என்றார்கள். கோயம்புத்தூரில் ஒரு தோல் டாக்டரம்மாதான் நோயின் பெயரைச் சொன்னார்: சீரோடெர்மா பிக்மென்டோசம். அந்த வெட்டி நிரப்பும் வேலைக்கான ஒரு மரபணு அம்மாவுக்கும் அப்பாவுக்கும் ஒரு பிரதி மட்டும் பழுது, அதனால் அவர்களுக்கு ஒன்றுமில்லை. இவனுக்கு இரண்டு பிரதியும் பழுது. இந்த நோய்க்குக் காரணம் டி.என்.ஏ. பழுதுநீக்கம் நடக்காததுதான் என்று விஞ்ஞானி ஜேம்ஸ் கிளீவர் 1968லேயே காட்டிவிட்டார். எங்கள் ஊரில் இன்னும் கிரகணம்தான்.

அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன் மகன். சொந்தத்தில் கட்டியவர்கள் சண்டைக்கு வர வேண்டாம், குறை சொல்லவில்லை. ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடும், அவ்வளவுதான். பயமுறுத்துகிறேன் என்பவர்களுக்கும் சொல்கிறேன், இது மிக அரிதான நோய்.

வீட்டு ஜன்னலுக்கெல்லாம் கதிர் தடுக்கும் ஃபிலிம் ஒட்டினோம். முழுக்கைச் சட்டை, கையுறை, பெரிய தொப்பி இல்லாமல் அவன் பகலில் வாசல் தாண்டமாட்டான். பள்ளியில் யூனிஃபார்மில் தொப்பி கிடையாது என்று அசெம்பிளியில் கழற்ற வைத்தார்கள், டாக்டர் கடிதம் காட்டியும்! கேட்க ஆளில்லை.

சரி, உங்கள் விஷயம். நல்ல உடம்பிலும் எல்லாப் பழுதும் பிடிபடாது. தப்பியது நிரந்தரப் பிழையாகத் தங்கிவிடலாம். படகில் போகும்போதாவது தொப்பி போடுங்கள். கைக்குழந்தைக்கு முகத்தில் புள்ளி வந்து, வெயிலில் கண் கூசினால் தோல் டாக்டரிடம் போங்கள், ஜோசியரிடம் அல்ல.