மாயாவியின் பூர்வீகம்

கேள்வி: இரும்புக்கை மாயாவி நம்மூர்க் கற்பனையா, வெளிநாட்டு ஆளா? (வாசகர், சாத்தூர்)

பதில்: இந்தக் காமிக்ஸ் (படக்கதை) நாயகர் பிரிட்டன்காரர். 1962இல் 'வேலியன்ட்' வார இதழ் தொடங்கியபோதே அறிமுகமாகிவிட்டார். முதலில் எழுதியவர் கென் புல்மர், அப்புறம் டாம் டல்லி. வரைந்தவர் ஸ்பெயினின் ஹெசூஸ் பிளாஸ்கோ. என்னைக் கேட்டால், மாயாவிக்கு உயிர் கொடுத்தது அவருடைய தூரிகைதான். மின்கம்பியைத் தொட்டதும் உடம்பு மறைந்துவிடும். இரும்புக் கை மட்டும் அந்தரத்தில் நகரும். சுற்றிலும் மை அப்பிய அந்தக் கறுப்பு நிழல்களைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆரம்பத்தில் ஆள் நல்லவரில்லை, தெரியுமோ? திருட்டு, மிரட்டல் எல்லாம் உண்டு, பிறகுதான் உளவாளி. தமிழுக்கு 1972இல் சிவகாசியின் முத்து காமிக்ஸ் கொண்டுவந்தது. அவர்களுடைய முதல் இதழே இவர்தான்!