எலெக்ட்ரிக் ரைஸ் குக்கரில் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும்?

கேள்வியில் சொல்லியிருப்பது இதுதான்: ஒன்றுக்கு இரண்டேகால் என்று தண்ணீர் வைத்தால் 2 கப் பச்சரிசி ஓரளவு சரியாக வருகிறது. அதே கணக்கில் 5 கப் வைத்தால் குழைந்துவிடுகிறது. புழுங்கலரிசியோ குக்கர் அணைந்த பிறகும் விதைவிதையாக நிற்கிறது.

மூன்றுக்கும் காரணம் ஒன்றுதான். குக்கரில் ஊற்றும் தண்ணீரில் ஒரு பகுதியை அரிசி குடிக்கிறது, மீதி ஆவியாகப் போகிறது. அரிசி குடிப்பது கப் கணக்கு. ஆவியாவது அப்படியில்லை, ஒரு தடவை குக்கர் வைத்தால் இவ்வளவு போகும், அரிசி 2 கப்போ 5 கப்போ அது பெரிதாக மாறாது. ‘ஒன்றுக்கு இரண்டேகால்’ என்று பெருக்கும்போது ஆவிக்கான தண்ணீரையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறோம். 5 கப் வைக்கும்போது அந்த அதிகப்படி ஆவியாக வழியில்லாமல் அரிசிக்குள் போய்விடுகிறது. சாதம் குழைகிறது.

குக்கர் எப்படி அணைகிறது என்று தெரிந்தால் மற்றதும் புரியும். பாத்திரத்தைத் தூக்கிவிட்டுப் பாருங்கள். சூடாகும் தட்டின் நடுவில் ஸ்பிரிங் வைத்த குமிழ் ஒன்று இருக்கும். அதற்குள் ஒரு காந்தம். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிச்சூடு 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். தண்ணீர் வற்றியதும் சூடு சட்டென்று ஏறி, 103 டிகிரி வாக்கில் காந்தத்தின் பிடி விட்டுப்போகும் (குமிழ் விழுவது என்று கீழே சொல்வது இதைத்தான்). சுவிட்ச் ‘டக்’கென்று எழும்பி வார்முக்குப் போய்விடும். அரிசி வெந்ததா வேகவில்லையா என்று அந்தக் குமிழுக்குத் தெரியாது. தண்ணீர் தீர்ந்ததா என்று மட்டும்தான் தெரியும். ஆகவே இந்தக் குக்கரில் தண்ணீர்தான் கடிகாரம். 1955 டிசம்பரில் ஜப்பானில் தோஷிபா விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் தானியங்கி குக்கரில் இது இன்னும் வெளிப்படையாக இருந்தது: வெளிப்பாத்திரத்தில் தனியாகத் தண்ணீர் ஊற்றுவார்கள், அது ஆவியாகித் தீர்ந்ததும் சூடு ஏறி சுவிட்ச் அணையும்.

ஆவியாவது எவ்வளவு என்று கணக்குப் போடவும் முடியும். 700 வாட் குக்கர் முழுக் கொதியில் நிமிடத்துக்கு அதிகம் போனால் 18 மில்லி தண்ணீரை ஆவியாக்கும். 10 நிமிடத்துக்கு 180 மில்லி, அதாவது குக்கரோடு வரும் கப்பில் ஒரு கப். கொஞ்சம் மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டும், கொஞ்சம் சூடு பக்கவாட்டில் வீணாகும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால், 1.8 லிட்டர் சாதா குக்கரில் பச்சரிசிக்கு 1 கப், அதிக நேரம் கொதிக்க வேண்டிய புழுங்கலரிசிக்கு 1½ கப் என்று ஆவிக்கு ஒதுக்கலாம்.

இனி அளவு. பொன்னிப் பச்சரிசி, சோனா மசூரி இரண்டுக்கும் ஒரு கப் அரிசிக்கு 1¾ கப் தண்ணீர் என்று பெருக்கி, கடைசியில் ஆவிக்கு 1 கப் சேருங்கள். 2 கப் அரிசிக்கு 4½ கப் வரும். 5 கப்புக்கு 9¾ கப்தான். புழுங்கலரிசிக்கு ஒன்றுக்கு 2¼ என்று பெருக்கி 1½ சேருங்கள்: 2 கப்புக்கு 6 கப், 4 கப்புக்கு 10½ கப். பாஸ்மதி அரை மணி நேரம் ஊறியிருந்தால் ஒன்றுக்கு 1¼, அதோடு அரை கப் போதும். 2 கப்புக்கு 3 கப். அதற்கு மேல் ஊற்றினால் நீளம் நீளமாக நிற்க வேண்டிய சாதம் உடைந்து ஒட்டும். சீரகச் சம்பாவை 2 கப்புக்கு 3½ கப்பில் தொடங்கலாம். மாப்பிள்ளைச் சம்பா மாதிரி தவிடு நீக்காத சிவப்பரிசியை இரவே ஊறப்போடாமல் இந்தக் குக்கரில் வைக்க வேண்டாம், எவ்வளவு தண்ணீர் வைத்தாலும் தோல் மட்டும் முரண்டு பிடிக்கும்.

இவையெல்லாம் நம் வீட்டுச் சாப்பாட்டுக்கான, குழம்பு ஊற்றிப் பிசையத் தோதான பதத்துக்கு. வெளிநாட்டு வீடியோக்களில் ஒன்றுக்கு ஒன்றேகால் என்று சொல்வது ஜப்பானியக் குட்டை அரிசிக்கும் தாய்லாந்து மல்லிகை அரிசிக்கும் பொருந்தும். அதை நம் பொன்னிக்கு எடுத்துக்கொண்டால் சாதம் கல்லாக வரும். அதேபோல பிரஷர் குக்கரில் வைக்கும் அளவையும் அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. அங்கே வெயிட் போட்ட பிறகு ஆவி அவ்வளவாக வெளியேறாது.

பாதிப் பிழை கப்பிலேயே நடக்கிறது. குக்கரோடு வரும் பிளாஸ்டிக் கப் பெரும்பாலும் 180 மில்லி; ஜப்பானிய அளவான ‘கோ’ அதுதான். அதில் தலைதட்டி அளந்தால் சுமார் 150 கிராம் அரிசி பிடிக்கும். கேக் செய்ய வாங்கிய அளவுக் கப் 240 மில்லி. வீட்டு டம்ளர் 200 மில்லியாக இருக்கும், ஆழாக்கு 168 மில்லி வாக்கில். எதில் அளந்தாலும் சரி, அரிசியையும் தண்ணீரையும் ஒரே கப்பில் அளங்கள். ஆனால் பெரிய கப்பில் அளந்தால் ஆவிக்கான பங்கைக் குறைக்க வேண்டும்: 240 மில்லி கப்பில் அது முக்கால் கப்தான். உங்கள் கப் எவ்வளவு என்று தெரியாவிட்டால் 1 லிட்டர் பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றி எண்ணுங்கள். ஐந்தரை கப்புக்குக் கொஞ்சம் மேலே வந்தால் 180 மில்லி, சரியாக 5 கப் வந்தால் 200. அரிசியைக் குவித்து அளக்காமல் விரலாலோ கத்தியின் முதுகாலோ தலைதட்டுங்கள். கும்பாரமாக அள்ளினால் ஒவ்வொரு கப்பிலும் ஒரு கைப்பிடி கூடுதலாகப் போய்விடும், அதுவும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு அளவாக.

கிச்சன் தராசு இருக்கிறதென்றால் கப்பையே மறந்துவிடலாம். நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வது இந்த முறையைத்தான். குக்கர் பாத்திரத்தைத் தராசில் வைத்துப் பூஜ்யமாக்குங்கள். 300 கிராம் பச்சரிசி போடுங்கள் (2 கப்). மூன்று தண்ணீரில் களைந்து வடித்துவிட்டு, பாத்திரத்தின் வெளிப்புறத்தைத் துடைத்து, மறுபடி அதே தராசில் வையுங்கள். இடையில் தராசு தானாக அணைந்திருந்தால் பாத்திரத்தின் எடை சேர்ந்துவிடும். அதனால் காலிப் பாத்திர எடையை முதலிலேயே எழுதிவைப்பது நல்லது. இப்போது 300 இருக்காது, அரிசியில் ஒட்டிய தண்ணீரும் சேர்ந்து கூடுதலாகக் காட்டும். நமக்குத் தேவை 4½ கப், அதாவது 810 மில்லி. 300 கூட்டல் 810, மொத்தம் 1,110 கிராம் வரும்வரை தண்ணீர் ஊற்றினால் வேலை முடிந்தது. களைந்தபோது ஒட்டியது, ஊறும்போது குடித்தது, வடிக்காமல் விட்டது எல்லாம் அந்த எண்ணுக்குள் அடங்கிவிடும். கப்பில் அளப்பவர்களுக்கு ஒரு நாள் சரியாகவும் மறுநாள் குழைவாகவும் வருவதற்குப் பெரும்பாலும் இந்த ஒட்டுத் தண்ணீர்தான் காரணம்.

விரல் கணுக் கணக்கு பற்றியும் கேட்பார்கள்: அரிசிமேல் விரல் நுனியை வைத்து முதல் கணு வரைக்கும் தண்ணீர். 20 செ.மீ. அகலப் பாத்திரத்தில் ஒரு கணு, அதாவது சுமார் 2.5 செ.மீ. உயரம் என்பது ஏறக்குறைய 785 மில்லி. அரிசியின் இடுக்குகளில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்தால் 2 கப்புக்கு ஒன்றுக்கு இரண்டரை, 4 கப்புக்கு ஒன்றுக்கு ஒன்றரை என்று ஆகிறது. 1 கப் அரிசியில் இதைச் செய்தால் கஞ்சிதான். பாத்திரமும் அரிசியின் அளவும் மாறாத வீட்டில் இந்த முறை பலிக்கும். புழுங்கலரிசிக்கு எந்த அளவிலும் நம்ப முடியாது.

பாத்திரத்துக்குள் இருக்கும் கோடுகள் அந்தக் குக்கரோடு வந்த கப்புக்கு மட்டும்தான். அரிசியைப் போட்ட பிறகு அந்த எண் வரைக்கும் தண்ணீர் ஊற்ற வேண்டும். அரிசி போடுவதற்கு முன்பே ஊற்றினால் தண்ணீர் கூடிவிடும். எந்த அரிசிக்குப் போட்ட கோடு என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்; பச்சரிசிக்கான கோட்டில் புழுங்கலரிசியை வைத்தால் வேகாது.

புழுங்கலரிசி விதைவிதையாக நிற்பதற்கு வருவோம். நெல்லாக இருக்கும்போதே அவித்துக் காயவைத்த அரிசி இறுகியிருக்கும், அடுப்பில் மெதுவாகத்தான் வேகும். தண்ணீர் குறைவாக வைத்தால் அது வேகும் முன்பே தண்ணீர் தீர்ந்து குமிழ் விழுந்துவிடுகிறது. அதே அரிசி பச்சைத் தண்ணீரை நன்றாகவே குடிக்கும் என்பது நமக்குச் சாதகம். களைந்து, அளந்த தண்ணீரை ஊற்றி, குக்கர் பாத்திரத்திலேயே 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரோடேயே சுவிட்சைப் போடுங்கள். அவசரமென்றால் சுடுதண்ணீரில் 20 நிமிடம். தடித்த ரேஷன் புழுங்கலரிசிக்கு ஊறல் இல்லாமல் எந்தக் கணக்கும் கைகொடுக்காது.

புது அரிசி, பழைய அரிசி வித்தியாசமும் உண்டு. அறுவடையாகிச் சில மாதங்களே ஆன அரிசி சீக்கிரம் குழையும்; 2 கப்புக்கு அரை கப் தண்ணீரைக் குறைத்துத் தொடங்குங்கள். ஒரு வருடம் இருப்பு வைத்த அரிசி கூடக் குடிக்கும், சாதமும் கூட வரும். ஒவ்வொரு 25 கிலோ சிப்பம் பிரிக்கும்போதும் முதல் இரண்டு மூன்று நாள் கால் கப் கால் கப்பாக மாற்றிப் பார்த்து, சரியாக வந்த அளவைச் சிப்பத்தின் மேலேயே மார்க்கரில் எழுதிவிடுங்கள். அரை கப், ஒரு கப் என்று தாவினால் பதம் எங்கே தவறியது என்று பிடிபடாது.

ஊட்டி, கொடைக்கானலில் இருப்பவர்களுக்கு இன்னொரு திருத்தம். 2,000 மீட்டருக்கு மேலே தண்ணீர் 93 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும், குமிழோ 103-க்குத்தான் விழும். வேக நேரம் கூடும், ஆவியும் கூடப் போகும். பச்சரிசியையும் அரை மணி நேரம் ஊறவைத்து, ஆவிக்கான பங்கை 1 கப்பிலிருந்து 1½ ஆக்குங்கள்.

பொங்கி வழிந்தால் முதலில் பாத்திரம் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பாருங்கள். அரிசியும் தண்ணீரும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வரக் கூடாது. புழுங்கலரிசிக்குத் தண்ணீர் அதிகம் என்பதால் பச்சரிசியில் 5 கப் பிடிக்கும் குக்கரில் புழுங்கல் 4 கப்போடு நிறுத்த வேண்டியிருக்கும். இன்னும் நன்றாகக் களைவதும், சில சொட்டு எண்ணெய் விடுவதும், மூடியின் ஆவித் துளையில் காய்ந்த கஞ்சியைக் கழுவி எடுப்பதும் உதவும். வழிந்து போனதும் நீங்கள் அளந்து ஊற்றிய தண்ணீர்தான், அதனால் பொங்கிய நாளில் சாதம் கொஞ்சம் விறைப்பாகவே இருக்கும்.

தண்ணீர் இருக்கும்போதே சுவிட்ச் அணைந்தால் பாத்திரத்தின் அடியைப் பாருங்கள். நசுங்கியிருக்கிறதா? தட்டுக்கும் பாத்திரத்துக்கும் நடுவே ஒரே ஒரு பருக்கை சிக்கியிருக்கிறதா? அந்த ஒரு பருக்கை போதும், பாத்திரம் சாய்ந்து ஓரிடத்தில் மட்டும் சூடு ஏறும், ஒரு பக்கம் காந்தலும் மறுபக்கம் அரைவேக்காடுமாக வரும். தக்காளி சாதம், புளியோதரை மாதிரி மசாலா அடியில் தங்கும் சாதங்களில் தண்ணீர் சரியாக இருந்தாலும் குமிழ் முந்திக்கொள்ளும். கொதி வந்ததும் ஒரு தடவை அடிவரை கிளறிவிடுங்கள்.

அணைந்ததும் திறக்க வேண்டாம். 10 முதல் 15 நிமிடம் மூடியே இருக்கட்டும், அடியிலும் மேலேயும் ஈரம் சமப்படும். பிறகு தட்டையான கரண்டியால் ஓரத்திலிருந்து புரட்டிவிடுங்கள். அப்போதும் விறைப்பாக இருந்தால், 2 கப் அரிசிக்கு கால் கப் கொதிக்கும் தண்ணீரைப் பரவலாகத் தெளித்து, மூடி, சுவிட்சைத் தட்டுங்கள். பச்சைத் தண்ணீர் தெளித்தால் வெளிப்புறம் மட்டும் பிசுபிசுக்கும். சுவிட்ச் நிற்காமல் திரும்ப எழும்பினால் கையால் பிடித்து அழுத்தியோ எதையாவது முட்டுக்கொடுத்தோ நிறுத்தாதீர்கள். குமிழ் இன்னும் ஆறவில்லை என்று அர்த்தம், ஐந்து பத்து நிமிடம் கழித்து அதுவே நிற்கும். குழைந்துபோனால் மூடியைத் திறந்து அகலத் தட்டில் பரப்பினால் ஓரளவு உதிரும், இல்லாவிட்டால் அன்றைக்குத் தயிர்சாதம்.