மரவில்லு செதுக்குறது பத்தி கேளுங்க, தெரிஞ்சதைச் சொல்றேன்

வணக்கம். பதினோரு வருஷமா ஒரே கட்டையில வில்லு செதுக்கிட்டு இருக்கேன். முதல் மூணு வருஷம் ஒரு ஆசான் பக்கத்துல உக்காந்து கத்துக்கிட்டது. முதல் அஞ்சு வில்லும் உடைஞ்சுது, ஆறாவதுதான் அம்பு விட்டுச்சு. காம்பவுண்ட் வில்லு, ஃபைபர் வில்லு பத்தி எனக்குத் தெரியாது, அதைக் கேக்காதீங்க. இலக்கைப் பாத்த பக்கம் முதுகு, உங்களைப் பாத்த பக்கம் வயிறு, இப்படித்தான் கீழ எழுதுவேன். அப்புறம் அம்பு இல்லாம நாணை இழுத்து விடாதீங்க. இதைப் பத்து தடவை சொல்லப்போறேன், இது ஒண்ணு.

கேள்வி: அண்ணே, எந்த மரம் பெஸ்ட்?

யூ மரம், ஓசேஜ் ஆரஞ்சு, எல்ம், ஹிக்கரி, ஆஷ், இதெல்லாம் பேர் போனது. மல்பெரியும் ஓசேஜும் ஒரே குடும்பம், அதுவும் நல்லா வரும். ஆனா மரத்தோட பேரை விட அந்தக் கட்டை முக்கியம். முறுக்கு இல்லாம, கணு கம்மியா, ரேகை இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் நேரா ஓடணும். பேர் போன மரத்துல கோணல் கட்டை கிடைக்கிறதுக்கு, பேர் தெரியாத மரத்துல நேர் கட்டை எவ்வளவோ தேவலை.

கேள்வி: மூங்கில்ல செய்யலாமா?

செய்யலாம். வெளித்தோலை ஒட்டித்தான் நார் நெருக்கமா இருக்கும், பலமெல்லாம் அங்கதான். அதை முதுகா வச்சுட்டு உள்பக்கத்தை மட்டும் சீவுங்க.

கேள்வி: முதுகுல ஒரே வளையத்தைப் புடிக்கணும்னு எல்லாரும் சொல்றாங்க, அப்படின்னா என்ன, ஏன்?

இது நல்ல கேள்வி, கொஞ்சம் உக்காந்து சொல்றேன்.

வில்லை இழுக்கும்போது முதுகு நீளப் பாக்குது, வயிறு நசுங்குது. முதுகுல ஓடுற நார் ஒவ்வொண்ணும் கயிறு மாதிரி, முனையிலிருந்து முனை வரைக்கும் அறுபடாம இருந்தாத்தான் தாங்கும். நீங்க முதுகைத் தட்டையா அழகா இழைச்சீங்கன்னா மரம் லேசா அலையடிக்கிற இடத்துல எல்லாம் நாரை அறுத்துட்டீங்க, இழுக்கும்போது அந்த அறுந்த இடத்துலதான் முதல்ல சிலாம்பு கிளம்பும். அதனால ஒரு ஆண்டு வளையத்தைப் புடிச்சா முனை வரைக்கும் அதே வளையம்தான், மேடு பள்ளம் வந்தா நீங்களும் கூடவே ஏறி இறங்கணும். கணு வந்தா அதைச் சுத்தி ஒரு சின்ன மேடு விட்டுட்டு வாங்க, தட்டையாக்காதீங்க.

பட்டையை உரிச்சா கீழ இருக்குற வளையமே முதுகா ஆகுற மரமும் உண்டு, எல்ம் அப்படி. ஓசேஜ்ல வெளிறு, அதாவது பட்டைக்கு அடியில இருக்குற வெளுத்த மரம், அதை முழுக்க எடுத்துட்டு வைரத்துக்கு, அதாவது உள்ள இருக்குற கெட்டி மரத்துக்கு இறங்குவாங்க. யூ மரத்துல வெளிறைக் கொஞ்சம் விட்டு முதுகாக்கி, வைரத்தை வயிறாக்குவாங்க, ஏன்னா வெளிறு இழுப்பைத் தாங்கும், வைரம் நசுக்கைத் தாங்கும்.

செய்யுற விதம்: ரெண்டு பக்கமும் பிடி வச்ச இழுவைக் கத்தி, அதுவும் ரொம்பக் கூரா வேணாம். ஓசேஜ் மாதிரி மரத்துல ரெண்டு வளையத்துக்கு நடுவுல துளைத்துளையா ஒரு மெல்லிய அடுக்கு இருக்கும், கத்தி அதுல போகும்போது மொறுமொறுன்னு சத்தம் வரும். சத்தம் மாறுச்சுன்னா கீழ்வளையம் வந்தாச்சு, கையை இலேசாக்கிடுங்க. எங்க ஆசான் கண்ணை மூடிட்டு நான் சீவுறதைக் கேட்டுட்டு இருப்பாரு, தூங்குறாருன்னு நெனச்சு ஒரு தடவை வேகமா இழுத்தேன், "போச்சு"ன்னாரு. கண்ணைத் தொறக்கவே இல்ல.

கேள்வி: பச்சை மரம் வெட்டியாச்சு, எவ்வளவு நாள் காய வைக்கணும்?

வெட்டின அன்னைக்கே ரெண்டு முனையிலயும் பெயின்ட்டோ பசையோ கெட்டியாப் பூசுங்க, இல்லன்னா முனையில வெடிப்பு ஓடிடும். அறுக்காதீங்க, ஆப்பு அடிச்சுப் பிளங்க, அப்பத்தான் பிளவு நாரோட போகும். முழுக்கட்டையா வச்சா தடிமன்ல ஒரு இன்ச்சுக்கு ஒரு வருஷம்னு பொதுக்கணக்கு. அவசரம்னா கிட்டத்தட்ட வில்லு வடிவத்துக்குக் குறைச்சு ஒரு பலகையோட இறுக்கிக் கட்டி நிழல்ல வச்சு, தராசுல எடை போட்டுட்டே வாங்க. எடை குறையுறது நின்னா காஞ்சாச்சு. ஈரம் 8லிருந்து 10 சதவீதம் இருக்கணும். ஈரமா செஞ்சா வளைஞ்சது வளைஞ்சபடியே நின்னுடும், ரொம்பக் காஞ்சா வெடிக்கும்.

கேள்வி: சார் 70 பவுண்ட் வில்லு செய்யணும், முதல் வில்லு.

பவுண்ட்ங்கறது வில்லை முழுசா இழுக்கத் தேவையான விசை. 30, 35 பவுண்ட்ல ஆரம்பிங்க. மேரி ரோஸ்னு ஒரு இங்கிலாந்து போர்க்கப்பல் 1545ல முழுகி 1982ல வெளிய எடுத்தாங்க, அதுல 137 முழு வில்லு கிடைச்சுது, பல வில்லு 100 பவுண்டுக்கு மேலன்னு கணக்கு. அதை இழுத்தவங்க சின்னப் புள்ளையிலேர்ந்து பழகினவங்க. நீங்க என்ன பழகியிருக்கீங்க?

கேள்வி: எந்த மரம் நல்லது அண்ணா?

மேல பாருங்க.

கேள்வி: அம்புக்கு இறகு ஒட்டுறது எப்படி?

அது தனிக்கலை, அதுக்குன்னு ஆளு இருக்காங்க. நான் கட்டை சீவுறவன்.

கேள்வி: டில்லரிங்ல தான் எனக்கு எல்லாமே உடையுது. படிப்படியா சொல்லுங்களேன். 28 இன்ச் இழுப்பு, 35 பவுண்ட் ஆசை.

டில்லரிங்னா வில்லோட ரெண்டு பாதியும் சமமா வளையுற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா சீவிச் சரி பண்றது. பிடி வளையாத வில்லுன்னா நீளம் 66லிருந்து 68 இன்ச் வச்சுக்கங்க. வயித்துப் பக்கம் மட்டும்தான் சீவணும், முதுகைத் தொடாதீங்க. முதல்ல ஒரு முனையைத் தரையில ஊனி பிடியை அமுக்கிப் பாருங்க, வில்லோட ரெண்டு கையும், அதாவது பிடிக்கு மேல, கீழ இருக்குற ரெண்டு பாதியும், ஒரே மாதிரி கொஞ்சம் கொடுக்கணும். அப்புறம் தளர்வான நீள நாண் போட்டு, சுவத்துல மாட்டி, கீழ உருளை வச்சு தூரத்துல நின்னு கயித்தை இழுத்துப் பாருங்க. பக்கத்துல நின்னா வளைவு தெரியாது, கண்ணு ஏமாத்தும்.

விறைப்பா நிக்கிற இடத்துல பென்சில் குறி, அங்க மட்டும் சீவு. ஒவ்வொரு தடவை சீவினதும் 20, 30 தடவை மெதுவா இழுத்து இறக்கணும், இல்லன்னா எடுத்த மரத்தோட கணக்கை வில்லு காட்டாது, நீங்க மறுபடி சீவுவீங்க, அப்புறம் மொத்தமா இளகும். ரெண்டு கையும் சமமா வந்தப்புறம்தான் குட்டை நாண், முதல்ல ரெண்டு மூணு இன்ச் உயரத்துக்கு மட்டும் ஏத்துங்க.

தடிமன் விஷயத்துல ஒரு கணக்கு. அகலத்தைப் பாதியாக்கினா விறைப்பு பாதி ஆகும், தடிமனைப் பாதியாக்கினா எட்டுல ஒண்ணு ஆயிடும். 15 மில்லிமீட்டர் தடிமன்ல அரை மில்லி எடுத்தாலே பத்துல ஒரு பங்கு விறைப்பு போச்சு. அதனாலதான் கடைசியில உளி, அரம் எல்லாம் கீழ வச்சுட்டு ஸ்க்ரேப்பர் மட்டும், அதாவது மெல்லிசா சுரண்டி எடுக்குற தகடு.

இப்ப நான் எல்லார்கிட்டயும் சொல்லி அலுத்த விஷயம். எந்தக் கட்டத்துலயும் நீங்க ஆசைப்பட்ட பவுண்டைத் தாண்டி இழுக்காதீங்க. 35ன்னா 35. அது 12 இன்ச்லயே வந்துட்டா 12 இன்ச்சோட நிறுத்து, சீவு, மறுபடி இழு. ஒரு இடம் கீல் மாதிரி மடங்குறது கண்ணுல பட்டா அந்த நொடியே இறக்கு. மடங்குற இடத்தைத் தொடாம அதுக்கு ரெண்டு பக்கமும் குறைக்கணும். பவுண்ட் குறையும், குறையட்டும். 26, 27 இன்ச் வந்ததும் சீவுறதை விட்டுடுங்க, உப்புத்தாள் போட்டு நாலு நாள் அம்பு விட்டா மீதி தானா இறங்கிடும்.

கேள்வி: இதுக்கெல்லாம் ஆசான் எதுக்குங்க? நான் வீடியோ பாத்தே நாலு வில்லு செஞ்சேன், ஒண்ணும் உடையல. குருகிட்ட கிடக்கணும்ங்கறது பழைய காலத்துப் பேச்சு.

வீடியோல எப்படிச் சீவணும்னு காட்டுவாங்க. உங்க கட்டையில எப்ப நிறுத்தணும்னு அதுல வராது. எங்க ஆசான் மூணு வருஷத்துல எனக்குச் சொன்னதுல பாதி "நிறுத்து"தான்.

அதே ஆளு: 1940கள்ல டென்மார்க் சதுப்புல எடுத்த ஹோல்மெகார்ட் வில்லு ஒம்பதாயிரம் வருஷப் பழசு. அதைச் செஞ்சவனுக்கு எந்த ஆசான்?

அவங்கப்பன். அவங்கப்பனுக்கு அவங்கப்பன். ஒருத்தன் தனியா உக்காந்து யோசிச்சு எல்ம் மரத்துல அவ்வளவு நேர்த்தியா செஞ்சான்னா நெனக்கிறீங்க? இஷின்னு ஒருத்தர், கலிபோர்னியாவுல யாஹி இனத்துல மிஞ்சின கடைசி ஆளு, 1911ல வெளிய வந்தாரு. அவருக்கு வைத்தியம் பாத்த டாக்டர் சாக்ஸ்டன் போப் அவர்கிட்டயே வில்லு செய்யக் கத்துக்கிட்டாரு. 1916ல இஷி செத்துட்டாரு. நடுவுல அஞ்சு வருஷம்கூட முழுசா இல்ல. அந்த டாக்டர் பக்கத்துல உக்காரலன்னா அந்தக் கைப்பழக்கம் அவரோடயே போயிருக்கும்.

வேற ஒருத்தர்: ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, எனக்கு நாண் பத்தி சந்தேகம்...

இருங்க, வர்றேன். நாலு வில்லு செஞ்சவரே, ஒண்ணு சொல்லுங்க. நாணைக் கழட்டினதும் உங்க வில்லு நேரா நிக்குதா, வளைஞ்சே நிக்குதா? எவ்வளவு?

அதே ஆளு: மூணரை இன்ச் வளைஞ்சிருக்கு. ஒண்ணு நாலு. எல்லா வில்லுக்கும் அப்படித்தானே?

இல்ல. ஒண்ணு ஒண்ணரை இன்ச் சகஜம், அதுக்கு மேலன்னா ஈரக் கட்டையில செஞ்சிருக்கீங்க, இல்லன்னா சீவி முடிக்கிறதுக்கு முன்னாடியே ஆசையில முழுசா இழுத்துப் பாத்திருக்கீங்க. வயிறு நசுங்கிடுச்சு, அது திரும்பாது. உடையலங்கறது சரி, ஆனா நாலும் ஒரே நோய், சொல்றதுக்குப் பக்கத்துல ஆளில்ல, அதனால நாலாவதுலயும் அதே.

அதே ஆளு: ...முழுசா இழுத்துப் பாத்தேன். சரி. ஆனா நீங்க மேல சொன்னீங்களே தராசு வச்சு காய வைக்கிறது, அது உங்க ஆசான் சொன்னதா?

மாட்டிக்கிட்டேன். இல்ல, அவரு நாலு வருஷம் பரண்ல போடுன்னுவாரு. தராசு விஷயம் நான் வீடியோலதான் பாத்தேன். உங்களுக்கு ஒரு மார்க்.

கேள்வி: இப்பவாவது நாண் பத்தி?

டேக்ரான்னு ஒரு பாலியஸ்டர் நூல் போதும், கொஞ்சம் நீண்டு கொடுக்கும். நீளாத நவீன நூல் போட்டா முனையில நாண் மாட்டுற வெட்டை அது பிளந்துடும், முனைக்குக் கொம்போ கெட்டி மரமோ ஒட்டியிருந்தா மட்டும் யோசிங்க. நாண் ஏத்தினா பிடிக்கும் நாணுக்கும் நடுவுல கட்டைவிரல் நீட்டின ஒரு கைமுஷ்டி, சுமார் 6 இன்ச். வேலை முடிஞ்சா கழட்டி வைங்க. அம்பு இல்லாம விடாதீங்க, அம்புக்குப் போக வேண்டிய விசை முழுக்க மரத்துக்கே திரும்பி வரும்.

கேள்வி: வயித்துல குறுக்கால மெல்லிய கோடு கோடா தெரியுது, கீறலா?

நகத்துல தடவுங்க. தட்டுப்பட்டா நார் நசுங்கி மடிஞ்சிருக்கு, அந்த இடம் அதிகமா வளையுது. சுத்தி இருக்குறதைக் குறைச்சு அதுக்கு ஓய்வு கொடுத்தா ரொம்ப நாள் ஓடும். முதுகுல குறுக்கால கோடுன்னா அந்த வில்லை மறந்துடுங்க.

கேள்வி: வேட்டைக்குப் போகலாமா இதை வச்சு?

உங்க ஊர் சட்டம் தெரிஞ்சவங்களைக் கேளுங்க.

கேள்வி: பெஸ்ட் மரம் எது ப்ரோ?

ப்ரோ.

கேள்வி: அண்ணே, நான்தான் டில்லரிங் கேட்டவன். நீங்க சொன்ன மாதிரி மடங்குற இடத்தை விட்டுட்டு ரெண்டு பக்கமும் குறைச்சேன், அருமையா வட்டமா வருது! 24 இன்ச்ல 41 பவுண்ட் காட்டுது, இன்னும் சீவவா?

41 வரைக்கும் ஏன் இழுத்தீங்க? 35ன்னுதானே பேச்சு. நாணைக் கழட்டி ராத்திரி படுக்கப் போட்டு வைங்க. காலையில எவ்வளவு வளைஞ்சு நிக்குதுன்னு அளந்து படம் போடுங்க, அதைப் பாக்காம ஸ்க்ரேப்பரைத் தொடாதீங்க.