மெழுகு மேசையிலும் நீங்கள், தொடக்கக் கோட்டிலும் நீங்களா?

கேள்வி: ஆறு வருடமாக ஒரு சின்ன ஸ்கீ பந்தய அணியை நடத்துகிறேன். எந்தப் பெரிய கிளப்போடும் சேராத அணி. என்னையும் சேர்த்து எட்டுப் பேர். கோடையில் சாலையில் ஓடும் சக்கரம் வைத்த ரோலர் ஸ்கீ, குளிர்காலத்தில் பனித்தடத்தில் நெடுந்தூரம் ஓடும் நார்டிக் ஸ்கீ. பயிற்சித் திட்டம், வண்டி ஓட்டுவது, கணக்கு, ஸ்கீ நன்றாக ஓட அதன் அடியில் மெழுகு போடுவது எல்லாம் நான்தான், நானும் பந்தயத்தில் ஓடுகிறேன். வேகமான இருவருக்கு மட்டும் நல்ல மெழுகு போடுகிறேன் என்று மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். போன மாதம் ரோலர் ஸ்கீ பயிற்சியில் 17 வயதுப் பெண் ஒருத்தி இறக்கத்தில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்துவிட்டது. நான் அப்போது வேகமான இருவருடன் முன்னால் போய்விட்டிருந்தேன். "நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று அவள் அம்மா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. அணியைக் கலைத்துவிடலாமா? எனக்கு வயது 36. (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, மெழுகுச் சண்டையையும் விபத்தையும் தனித்தனிப் பிரச்சினையாக எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்க உங்கள் அணியில் ஆள் இல்லை. பதினோரு பருவம் ஓர் அணியை இழுத்து நடத்தியவன் நான், அதில் முதல் நான்கு பருவம் உங்களைப் போலத்தான் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று இருந்தேன்.

கலைக்க வேண்டாம். ஆனால் அணி போட்டியிடும் நாளில் நீங்கள் நெஞ்சில் எண் கட்டாதீர்கள். கேட்கக் கசக்கும், தெரியும்.

முதலில் அந்தப் பெண்ணின் விஷயம். பெரும்பாலான ரோலர் ஸ்கீயில் பிரேக் கிடையாது. காலை விரித்துத் தேய்த்தோ, சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்தோதான் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஓரளவு வேகத்துக்கு மேல் அதுவும் பலிக்காது, சாலை ஈரமாக இருந்தால் சொல்லவே வேண்டாம். பனியில் விழுந்தால் சறுக்கிக்கொண்டு போய் எழுந்துவிடலாம், தார்ச்சாலையில் தோல் உரிந்துவிடும். அதனால் நாங்கள் ஒரு கட்டத்தில் இறக்கத்தையே பயிற்சியிலிருந்து எடுத்துவிட்டோம். ஏற்றத்தில் ஏறுவது, மேலே ஸ்கீயைக் கழற்றுவது, வண்டியில் கீழே வருவது, மறுபடி ஏறுவது. நல்ல பயிற்சி எல்லாம் ஏற்றத்தில்தானே இருக்கிறது! தவிர்க்க முடியாத இறக்கம் என்றால் முன்பே நடந்தோ வண்டியிலோ போய்ப் பார்த்த இறக்கமாக மட்டும் இருக்கட்டும். உச்சியில் எல்லாரும் நிற்க வேண்டும், ஒருவர் முதலில் இறங்கி வளைவு தெரிகிற இடத்தில் நின்று கை காட்டிய பிறகு ஒவ்வொருவராக வரட்டும். கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து வருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது, இதை உங்கள் வாயால் எல்லார் முன்னாலும் சொல்லிவையுங்கள். ஹெல்மெட், கையுறை, ஒளிரும் மேலங்கி இல்லாதவர் வண்டியிலேயே இருக்கட்டும்.

வேகமானவர்கள் முன்னால் போய்விடுகிறார்கள் என்பதற்கு எளிய வழி ஒன்று உண்டு. ரோலர் ஸ்கீ சக்கரங்கள் வேகம் கூடியது, குறைந்தது என்று எண்ணிட்டு விற்கிறார்கள் அல்லவா, வேகமான இருவருக்கும் மந்தமான சக்கரத்தை மாட்டிவிடுங்கள், மற்றவர்களுக்கு ஒரு படி வேகமானது. எல்லாரும் அவரவர் உழைப்பை உழைத்துக்கொண்டே ஒரே கூட்டமாக வருவார்கள், உங்கள் கண்ணுக்குள் இருப்பார்கள். ரப்பர் சக்கரம் சூடேற ஏற லேசாக உருளும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், முதல் கால் மணி நேரத்து ஓட்டத்தை வைத்து யாரையும் எடை போட வேண்டாம்.

அப்புறம் கையில் ஊன்றும் கோலின் முனை. தார்ச்சாலைக்கு என்று கார்பைடு என்ற கடினப் பொருளால் ஆன முனை போட்டிருப்பீர்கள், அதை வைர அரத்தால் தீட்டி எத்தனை நாள் ஆயிற்று? என் அணியில் ஒரு பையன் ஏற்றத்தில் முழு பலத்தோடு கோலை ஊன்றினான், முனை வழுக்கிப் பின்னால் போனது, அவன் முகம் குப்புற விழுந்தான். வண்டி விளக்கின் முன்னால் அந்தக் கோலைப் பிடித்துப் பார்த்தேன். கூராக இருக்க வேண்டிய இடம் பயறு போல உருண்டையாகிப் பளபளவென்று இருந்தது. அன்றிலிருந்து, கிளம்பும் முன் ஒவ்வொரு கோல் முனையையும் என் கட்டைவிரல் நகத்தில் லேசாக இழுத்துப் பார்ப்பேன். வெள்ளைக் கோடு விழுந்தால் சரி, வழுக்கினால் அரத்தை எடுக்க வேண்டியதுதான்.

அந்த அம்மாவை நேரில் போய்ப் பாருங்கள். போனில் வேண்டாம். "நான் முன்னால் போய்விட்டேன், போயிருக்கக் கூடாது" என்று சொல்லுங்கள், பிறகு என்னென்ன மாற்றியிருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உங்கள் காப்பீடு பொதுச்சாலையில் நடக்கும் பயிற்சிக்குச் செல்லுமா என்பதை இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செல்லாது என்றால், செல்லும் ஒன்றை எடுக்கும்வரை சாலையில் இறங்காதீர்கள்.

இனி மெழுகு. என் நான்காவது பருவத்தில், இணைத் தடத்தில் கால் மாற்றி மாற்றி உந்திப் போகும் கிளாசிக் முறையில் ஒரு பந்தயம். முந்தின நாள் உருகி இரவில் உறைந்த தடம், அதனால் ஆறு ஜோடிக்கும் கிளிஸ்டர் என்ற பசை போன்ற பிடிமான மெழுகு போட்டேன். என்னுடையதையும் முடித்துவிட்டு விரலெல்லாம் பிசுபிசுவென்று ஒட்ட ஒட்டத் தொடக்கக் கோட்டுக்கு ஓடினேன். பந்தயம் தொடங்கப் பத்து நிமிடம் இருக்கும்போது புதுப்பனி விழ ஆரம்பித்தது. கிளிஸ்டரில் புதுப்பனி பட்டால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாவது கிலோமீட்டரில் எல்லார் காலுக்கடியிலும் கட்டி கட்டியாகப் பனி, ஸ்கீயைத் தூக்கித் தூக்கி நடக்கிறார்கள், நானும் அவர்கள் நடுவில் அதே மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன். எண் கட்டாமல் ஒருவன் மேசையருகே நின்றிருந்தால் அந்தப் பத்து நிமிடத்தில் பாதிப் பேருக்காவது வேறு ஸ்கீயை மாற்றிக் கொடுத்திருப்பான். அந்த ஒரு காலைதான் என்னை மாற்றியது.

ஓரவஞ்சனை என்ற பேச்சுக்கு வழி இதுதான்: சறுக்குவதற்கான மெழுகு எல்லாருக்கும் ஒரே டப்பாவிலிருந்து, ஒரே எண்ணிக்கை அடுக்கு. கால் உந்துவதற்கான பிடிமான மெழுகு மட்டும் ஆளுக்கு ஆள் மாறும், ஏனென்றால் எடை வேறு, ஸ்கீயின் வளைவும் விறைப்பும் வேறு, உந்துகிற விதம் வேறு. இதை நீங்கள் எப்போதாவது உட்கார வைத்து விளக்கியிருக்கிறீர்களா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். இன்னொன்றும் சொல்லுங்கள். கிளாசிக் ரோலர் ஸ்கீயில் ஒரு சக்கரம் பின்னோக்கிச் சுழலாது, அதனால் எப்படி உந்தினாலும் பிடித்துக்கொள்ளும். கோடை முழுக்க அதில் பழகியவர்கள் பனிக்கு வந்ததும் தாமதமாக உந்துவார்கள், ஸ்கீ வழுக்கும், உடனே மெழுகு சரியில்லை என்பார்கள். பாதிப் புகார் அங்கேதான் பிறக்கிறது.

விலை உயர்ந்த மெழுகு வாங்க முடியவில்லையே என்ற கவலை வேண்டாம். 2023-24 பருவத்திலிருந்து சர்வதேச ஸ்கீ கூட்டமைப்பு தன் போட்டிகளில், சறுக்கும் வேகத்தைக் கூட்டும் ஃப்ளோரின் கலந்த மெழுகை முழுவதுமாகத் தடை செய்துவிட்டது. சின்ன அணிகளின் கையைக் கடித்துக்கொண்டிருந்ததே அந்த ஃப்ளோரின் பொடிதான். ஆனால் பழைய பிரஷ், மெழுகை உருக்கும் பழைய இஸ்திரிப் பெட்டி, பழைய ஸ்கீ இவற்றில் மிச்சம் ஒட்டியிருக்கும். 2023 அக்டோபரில் ஆஸ்திரியாவின் சோல்டனில் நடந்த ஆல்பைன் (மலைச்சரிவில் இறங்கும் ஸ்கீ) உலகக் கோப்பைப் போட்டியில் நார்வேயின் ராக்னில்ட் மோவின்கல் ஃப்ளோரின் சோதனையில் சிக்கித் தகுதி இழந்தார். அத்தனை தொழில்நுட்ப ஆட்கள் உள்ள அணிக்கே அந்தக் கதி. பழைய பிரஷ்களைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். மிச்சமாகும் பணத்தை ஆளின் எடைக்குப் பொருந்திய ஸ்கீயில் போடுங்கள், பொருந்தாத ஸ்கீயை எந்த மெழுகாலும் காப்பாற்ற முடியாது.

பணத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒரு வரி: மெழுகு, வண்டி, காப்பீடு பொதுச்செலவு, ஸ்கீ, காலணி, கோல் அவரவர் செலவு என்று ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள், 18 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் கையெழுத்து. மாதம் ஒரு முறை கணக்கைக் காட்டிவிடுங்கள்.

உங்கள் ஓட்டத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. 36 வயது நீண்ட தூரத்துக்கு ஒரு வயதே இல்லை. சுவீடனில் 1922 முதல் நடக்கும் வாசலோப்பெட் மாதிரியான 90 கிலோமீட்டர் பந்தயத்துக்குத் தனி ஆளாகவே பெயர் கொடுக்கலாம். அணிக்குப் போட்டி இல்லாத வாரங்களில் வருடத்துக்கு மூன்று பந்தயம் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், அன்று மெழுகு போட அவர்களில் ஒருவரைக் கூப்பிடுங்கள். நாள் முழுக்க மற்றவருக்காக நிற்பது எப்படி இருக்கும் என்று அவர்களுக்கும் தெரியட்டும்.

கடைசியாக, மெழுகு மேசைக்கு ஒரு நோட்டு வேண்டும். காற்றின் வெப்பம், பனியின் வெப்பம், பனி புதிதா பழையதா, என்ன போட்டோம், யாருக்கு ஓடியது. ஒரே எடையுள்ள இருவரைச் சரிவில் பக்கத்துப் பக்கமாகச் சறுக்கவிட்டு, பிறகு ஸ்கீயை மாற்றிக்கொண்டு மறுபடி சறுக்கச் சொன்னால் எது வேகம் என்று தெரிந்துவிடும், அதையும் எழுத வேண்டும். இதை நீங்கள் ஒருவரே செய்ய முடியாது. முறிந்தது இடது மணிக்கட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். கட்டுப் பிரியும்வரை அவளால் கோல் ஊன்ற முடியாது, வலது கையால் எழுத முடியும். அம்மாவைப் பார்க்கப் போகிறீர்களே, அவளுக்கு விருப்பமா என்று அப்போதே கேளுங்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.